அடியாத மாடும் மிரண்ட சாதுவும்

விலங்குகளைப் பழக்குவது பற்றித் தமிழில் இரண்டு பழமொழிகள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. ஒன்று, ‘அடியாத மாடு படியாது’. மற்றொன்று, ‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’. முதலாவது சொல்வது எளிமையானது: மாடு சொன்னபேச்சு கேட்கவில்லையா, போடு நாலு அடி. இரண்டாவதில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். சாது ‘கோபப்பட்டால்’ என்று அது சொல்லவில்லை, ‘மிரண்டால்’ என்கிறது. காடு கொள்ளாத அந்த ஓட்டத்துக்கும் முட்டலுக்கும் காரணம் திமிர் இல்லை, பயம். இதை மொழி எப்போதோ கண்டுபிடித்து வைத்துவிட்டது. ஆனால் அன்றாடப் பேச்சில் நாம் எடுத்து வீசுவது முதலாவதைத்தான்.

மனிதர்கள் மாட்டோடும் குதிரையோடும் வாழத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலம் முழுக்க, அடம்பிடிக்கும் விலங்கின் முன்னால் நின்ற ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். இது சண்டித்தனமா, பயமா? பதிலைப் பொறுத்து, கை சாட்டைக்குப் போகும் அல்லது கழுத்தைத் தடவப் போகும். ஒரு வகையில், விலங்கைக் கையாள்வதன் வரலாறு என்பதே இந்தக் கேள்விக்கு மனிதர்கள் சொன்ன பதில்களின் வரலாறுதான்.

நிழலுக்குப் பயந்த குதிரை

கிரேக்கத்தில் கிமு நான்காம் நூற்றாண்டில் செனபோன் என்று ஒருவர் இருந்தார். சாக்ரடீஸின் மாணவர், கூலிப்படையோடு பாரசீகம் வரை போய் உயிர்தப்பித் திரும்பிய போர்வீரர். தன் முதிய வயதில் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். குதிரை வாங்கும்போது குளம்பை எப்படிப் பார்ப்பது, லாயத்தின் தரை எப்படி இருக்க வேண்டும் என்று மிக நடைமுறையாகப் போகும் புத்தகம் அது. நடுவில் ஓர் அறிவுரை வருகிறது: கோபத்தோடு குதிரையிடம் போகாதே. கோபத்துக்கு முன்யோசனை கிடையாது, பிறகு வருந்தும்படி எதையாவது செய்ய வைத்துவிடும் என்கிறார்.

அதற்கு அவர் சொல்லும் காரணம் இன்னும் முக்கியமானது. குதிரை ஏதோ ஒரு பொருளைக் கண்டு மிரள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அடித்தால், வலிக்குக் காரணம் அந்தப் பொருள்தான் என்று குதிரை நினைத்துக்கொள்ளும், பயம் இரட்டிப்பாகும். அதனால் முதலில் நீயே போய் அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டு, அப்புறம் மெதுவாகக் குதிரையை அழைத்துப் போ. இன்று விலங்கு நடத்தை படிக்கும் மாணவர்களுக்கு ‘வலியைச் சூழலோடு இணைத்துக்கொள்ளுதல்’ என்று சொல்லித்தருகிறார்களே, அதேதான் இது. கிட்டத்தட்ட 2400 வருடங்களுக்கு முன்னால் ஒரு குதிரைவீரர் சும்மா பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அதே நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மாசிடோனிய மன்னர் பிலிப்பிடம் 13 டாலண்ட் விலை சொல்லி ஒரு குதிரையைக் கொண்டுவருகிறார்கள். யாரையும் ஏறவிடவில்லை. ‘உதவாத சண்டிக்குதிரை, ஓட்டிக்கொண்டு போ’ என்கிறார் மன்னர். அவருடைய மகன், சிறுவன் அலெக்சாண்டர், ஒரு விஷயத்தைக் கவனிக்கிறான்: குதிரை தன் நிழல் முன்னால் ஆடுவதைக் கண்டு மிரள்கிறது. கடிவாளத்தைப் பிடித்துச் சூரியனைப் பார்த்துத் திருப்புகிறான். நிழல் பின்னால் போய்விடுகிறது. குதிரை அமைதியாகிறது. அதுதான் புசெபலஸ்.

இதை எழுதிய புளூடார்க், அலெக்சாண்டருக்கு நானூறு வருடங்கள் பிந்தியவர். அதனால் இது அப்படியே நடந்ததா என்பதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் கதை எதை வீரம் என்று காட்டுகிறது, பாருங்கள். பையன் குதிரையை அடக்கவில்லை. மற்றவர்கள் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குதிரை எதைப் பார்க்கிறது என்று அவன் பார்த்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாண்டியன் வாங்கிய குதிரைகள்

இப்போது நம்ம ஊருக்கு வரலாம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த காயல், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் பெரிய குதிரை இறக்குமதித் துறைகளில் ஒன்று. அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. வளைகுடாவின் கிஷ் தீவை ஆண்ட வணிகர் ஜமாலுதீன், தன் சொந்த லாயத்திலிருந்தே வருடம் 1400 குதிரைகள் அனுப்புவதாக ஒப்பந்தம் செய்திருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வாஸாஃப் எழுதுகிறார். எல்லாத் துறைமுகங்களிலிருந்தும் சேர்த்து வருடத்துக்கு 10,000 குதிரைகள், ஒன்றின் விலை சராசரி 220 பொன் தினார். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் பாண்டியரின் கருவூலத்திலிருந்து பெரும்பணம் குதிரைக்காகக் கடல் தாண்டிப் போனது என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் குதிரைகள் என்ன ஆயின? அதே காலத்தில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ சொல்கிறார்: வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. சமைத்த சோற்றோடு இறைச்சியைப் பிசைந்து கொடுக்கிறார்கள். குதிரை வைத்தியர்கள் இங்கே வந்துவிடாமல் வணிகர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்க முடியும்! வாஸாஃப் சொல்வதும் இதற்கு நெருக்கமானது. வந்து இறங்கிய குதிரையை நாற்பது நாள் லாயத்தில் கட்டிப்போட்டு, நெய்யில் வறுத்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல் திடீரென ஏறி அடித்து விரட்டுகிறார்கள். காற்றாகப் பறந்த குதிரை கொஞ்ச நாளிலேயே மந்தமாகி ஒன்றுக்கும் உதவாததாகிவிடுகிறது.

இருவருமே வெளியாட்கள். நம்மூர் வெக்கையும் ஈரமும் குதிரைக்கு ஒத்துக்கொள்ளாததும், நல்ல மேய்ச்சல் புல் இல்லாததும் குதிரைச்சாவுக்குப் பெரிய காரணங்களாக இருந்திருக்கும். அவற்றைத் தள்ளிவிட்டாலும் ஒரு சித்திரம் மிஞ்சுகிறது. பாலைவெளியில் ஓடிப் பழகிய விலங்கு, வாரக்கணக்கில் கப்பலில் ஆடிக்கொண்டே வந்து, புது வாசனைகளும் புது மனிதர்களும் நிறைந்த ஓர் இடத்தில் நாற்பது நாள் கால் கட்டப்பட்டு நிற்கிறது. நம்முடைய ஆட்களுக்குக் குதிரைமேல் அன்பில்லை என்று சொல்ல முடியாது. பாலும் நெய்யும் கொடுத்திருக்கிறார்களே! வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு எது மரியாதையோ அதையே குதிரைக்கும் செய்திருக்கிறார்கள். குதிரைக்கு என்ன வேண்டும் என்று குதிரையிடம் கேட்கவில்லை.

மாணிக்கவாசகர் கதையையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்து அனுப்புகிறான். அமைச்சர் அதைக் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். சிவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவருகிறார். இரவானதும் அவை மறுபடி நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. பக்திக் கதைதான். ஆனால் பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரை இரவோடிரவாக வேறொன்றாகிவிடும் என்ற அரண்மனையின் கவலை அதில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளின் பெயர்கள் இருக்கின்றன. விற்றவர் பெயர் இருக்கிறது, வாங்கியவர் பெயர் இருக்கிறது. லாயத்தில் படுத்து, குதிரையோடு கண்விழித்தவரின் பெயர்தான் வரலாற்றில் கிடைப்பது அபூர்வம். குதிரையின் மனம் தெரிந்த ஆள் அவராகத்தான் இருந்திருப்பார்.

சுழி யாருக்கு?

அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழா ஆடி மாதத்தில் நடக்கும். மாடும் குதிரையும் சேர்ந்து விற்கும் சந்தை அது. அங்கே போனாலும் சரி, தமிழ்நாட்டின் எந்த மாட்டுச்சந்தைக்குப் போனாலும் சரி, வாங்குகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், வயது தெரிந்துவிடும். அடுத்து, சுழி. ‘சுழி சுத்தமா இருக்குதுங்களா?’ என்ற கேள்விக்குப் பிறகுதான் துண்டுக்கடியில் விரல்பிடித்து விலை பேசுவதே.

சுழி என்றால் மாட்டின் தோலில் மயிர் வட்டமாகச் சுழன்று படிந்திருக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கோபுரச்சுழி, லட்சுமிச்சுழி, ராஜசுழி, தாமணிச்சுழி, ஏறுபூரான் சுழி எல்லாம் நல்லவை. விலங்குச்சுழி, பாடைச்சுழி, துடைப்பச்சுழி, எமன் சுழி, இறங்குபூரான் சுழி, பெண்டிழந்தான் சுழி எல்லாம் ஆகாதவை. குதிரைக்கும் இப்படியே. வடமொழி அசுவ சாஸ்திரங்கள் சுழிகளை இடம்வாரியாகப் பிரித்துப் பலன் சொல்கின்றன. நகுலன் பெயரில் வழங்கும் அப்படியொரு நூலைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் படங்களோடு பதிப்பித்திருக்கிறது.

பெயர்களைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். விலங்குச்சுழி இருந்தால் வாங்கியவர் கைக்கு விலங்கு வரும். பாடைச்சுழி இருந்தால் அவர் வீட்டிலிருந்து பாடை போகும். பெண்டிழந்தான் சுழி இருந்தால் அவர் மனைவி இறந்துபோவார். எல்லாமே வாங்குகிறவரின் தலையெழுத்து! மாடு மிரளுமா, முட்டுமா, புது ஆளை அண்டவிடுமா என்று எந்தச் சுழிப்பெயரும் சொல்வதில்லை. மாட்டின் நெற்றியில் நாம் நம்மையே படித்துக்கொண்டிருக்கிறோம். சுழி சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக, எந்தத் தப்பும் செய்யாத நல்ல உழவுமாடு பாதி விலைக்குக் கைமாறும். சில மாடுகள் அடிமாடாகவே போய்விடும்.

அப்படியென்றால் சுழி வெறும் மூடநம்பிக்கைதானா? கதை அங்கே முடியவில்லை. அதற்கு முன் இரண்டு குதிரைகளைப் பார்த்துவிட்டு வருவோம்.

க்ரூசரும் ஹான்ஸும்

1858இல் அமெரிக்காவின் ஒஹையோவிலிருந்து ஜான் சாலமன் ரேரி என்ற இளைஞர் லண்டன் வந்தார். க்ரூசர் என்ற பந்தயக்குதிரை அப்போது ஊரெல்லாம் பேசப்பட்ட முரட்டு ஆண்குதிரை. வாய்க்கு இரும்புக்கூண்டு மாட்டித்தான் வைத்திருந்தார்கள், பக்கத்தில் போக ஆளில்லை. ரேரி சில மணி நேரத்தில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து காட்டினார். விக்டோரியா அரசி முன்னால்கூட அவர் தன் வித்தையைக் காட்டியிருக்கிறார். அவருடைய முறை இதுதான்: முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டிவிடுவது, பொறுமையாக இரண்டாவது காலையும் மடக்கிப் படுக்க வைப்பது, அதன் பிறகு உடல் முழுக்கத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருப்பது. அடி கிடையாது, திட்டு கிடையாது.

அவர் போகுமிடமெல்லாம் சொன்னதும் செனபோன் சொன்னதுதான். குதிரை கெட்டதல்ல, அதற்குப் புரியவில்லை, பயப்படுகிறது. ஆனால் இன்றைய கண்ணோடு பார்த்தால் அவருடைய முறையிலும் உறுத்தல் இருக்கிறது. ஓடித் தப்பிப்பதற்காகவே உருவான ஒரு விலங்கின் காலை மடக்கிவிட்டால், அமைதி வருவது நம்பிக்கையாலா, ‘இனி எதுவும் செய்ய முடியாது’ என்று கைவிட்டதாலா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதுதான் சிக்கல். ஆனாலும் சாட்டையே பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில் ரேரி பேச்சின் திசையை மாற்றினார். 1877இல் வந்த அன்னா சூவெலின் ‘பிளாக் பியூட்டி’ நாவலில் ஜிஞ்சர் என்ற பெண்குதிரை வரும். கடிக்கும், உதைக்கும். தன்னை எப்படியெல்லாம் கொடுமைப்படுத்திப் பழக்கினார்கள் என்று அது சொல்லும்போதுதான் அந்தக் ‘கெட்ட குணம்’ எங்கே தயாரானது என்று நமக்குப் புரியும்.

இரண்டாவது குதிரை பெர்லினில். 1904இல் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹான்ஸ் என்ற தன் குதிரைக்குக் கணக்குத் தெரியும் என்று காட்டினார். கூட்டல் கேட்டால் காலால் சரியாக அத்தனை முறை தட்டும். பணம்கூட வாங்கவில்லை, அவர் உண்மையாகவே நம்பினார். உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவர் கண்ணில் படாதபோதும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் துளி அசைகிறது. அதைக் குதிரை பார்த்துவிட்டுத் தட்டுவதை நிறுத்துகிறது.

ஹான்ஸை ஏமாற்றுக்குதிரை என்று சிரித்து ஒதுக்கியவர்கள் உண்டு. நான் அதை வேறுமாதிரிப் பார்க்கிறேன். ஒரு அறை முழுக்க மனிதர்கள் ‘குதிரையின் அறிவைப் படிக்கிறோம்’ என்று உட்கார்ந்திருந்தபோது, குதிரை அவர்களைப் படித்துக்கொண்டிருந்தது. ஃபுங்ஸ்ட் வரும்வரை அந்த அறையில் கூர்மையான பார்வையாளர் ஹான்ஸ் மட்டும்தான். பதற்றத்தோடு தும்பைப் பிடிக்கும் ஆளிடம் மாடும் பதறும் என்று கொட்டிலில் நின்று பழகிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஹான்ஸ் அதற்கு ஆய்வகச் சாட்சி.

தோள் என்ற கோடு

இருபதாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் விலங்குக்காட்சிச்சாலை இயக்குநர் ஹெய்னி ஹெடிகர், ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு ‘தப்பியோடும் தூரம்’ இருக்கிறது என்று எழுதினார். அந்த எல்லைக்குள் நாம் கால் வைத்தால் அது நகரும். ரொம்ப உள்ளே போய்விட்டால், ஓட இடமில்லை என்று திரும்பித் தாக்கும். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் இதை மாட்டுத்தொழுவங்களுக்குள் கொண்டுவந்தார். ஆட்டிச நிலை உள்ளவர் அவர். சின்னச் சத்தமும் சின்ன அசைவும் தன்னை எப்படிக் கலங்கடிக்கும் என்று தெரிந்ததால், மாடு போகும் பாதையில் தானே இறங்கி நடந்து பார்த்தார். வேலியில் தொங்கும் சட்டை, ஆடும் சங்கிலி, தரையில் வெளிச்சமும் நிழலும் மாறும் கோடு, குட்டைநீரின் பளபளப்பு. மாடு நின்றுவிடுவது இவற்றால்தான். தொழிலாளர்கள் மின்கோலால் குத்திக்கொண்டிருந்தார்கள். சட்டையை எடுத்துவிட்டால் மாடு தானாக நடந்தது. புசெபலஸின் நிழல் மறுபடியும்!

மாட்டின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அது ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், நேர் பின்னால் ஒரு சிறு இடம் தவிர. அதனால்தான் பின்னாலிருந்து சத்தமில்லாமல் போகிறவருக்கு உதை விழுகிறது. அதன் தோள்தான் நடுக்கோடு. தோளுக்குப் பின்னால் நின்று ஒரு அடி நெருங்கினால் முன்னே போகும், முன்னால் நின்று நெருங்கினால் பின்வாங்கும். கத்தத் தேவையில்லை. கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்தால் எந்த மாடும் கலங்கும். முதல்முறை எங்கே வலித்ததோ அந்த இடத்தை மறக்காது.

இனி சுழிக்குத் திரும்பலாம். 1995இல் கிராண்டினும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாடுகளைக் கூண்டில் பிடித்து நிறுத்தும்போது அவை எவ்வளவு கலவரப்படுகின்றன என்று பார்த்தார்கள். நெற்றிச்சுழி கண்மட்டத்துக்கு மேலே இருந்த மாடுகள், கண்மட்டத்திலோ கீழேயோ சுழி இருந்தவற்றைவிடச் சராசரியாக அதிகம் கலவரப்பட்டன. காரணம் என்னவாக இருக்கலாம்? கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன. மயிர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது முடிவாகும் காலத்தில்தான் மூளையும் வளர்கிறது. குதிரைகளிலும் நெற்றிச்சுழிக்கும் குணத்துக்கும் தொடர்பு தேடி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எல்லா ஆய்விலும் ஒரே அளவில் பலன் கிடைத்ததில்லை. இது கூட்டத்தின் சராசரி பற்றிய செய்தி, ஒற்றை மாட்டின் ஜாதகம் இல்லை.

உடனே ‘பார்த்தீர்களா, எல்லாம் நம் முன்னோர்களுக்கு அன்றே தெரியும்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். முன்னோர்களின் கண் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. சுழியில் ஏதோ இருக்கிறது என்று பார்த்துப் பழகிய யாரோ ஒரு மேய்ப்பருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஏட்டுக்கும் சந்தைக்கும் வந்தபோது, அது மாட்டின் கலக்கத்தை விட்டுவிட்டு மனிதனின் பாடையைப் பேச ஆரம்பித்துவிட்டது. தன்னைப் பற்றிய கவலை நுழைந்ததும், பார்வை பாதியிலேயே நின்றுபோனது.

காரி

அந்தியூரை ஒட்டிய பர்கூர் மலையில் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கும் மாடுகள் உண்டு. செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள், வேகமான கால், புது ஆளைக் கண்டால் சிதறி ஓடும். ‘முரட்டு இனம்’ என்று பெயர். அதே மாடு பட்டிக்காரர் குரலுக்கு வரிசையாக வந்து நிற்கும். ஜல்லிக்கட்டுக் காளையும் அப்படித்தான். வாடிவாசலில் மண்ணைக் கிளப்பும் காளையை வீட்டில் சின்னப்பிள்ளை தண்ணீர் காட்டிக் கூட்டிப்போகும். எது அதன் உண்மையான குணம்? இரண்டும்தான். குணம் என்பது கழுத்துமணி மாதிரி எப்போதும் கூடவே தொங்குவதில்லை. பிறவி ஒரு பங்கு, வளர்ப்பு ஒரு பங்கு, எதிரில் நிற்கும் ஆள் ஒரு பங்கு.

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவலில் பிச்சி, காரிக் காளையின் ஒவ்வொரு அசைவையும் படிக்கிறான். அவன் அப்பனைக் கொன்ற காளை. அவ்வளவு நுணுக்கமாக ஒரு காளையின் மனதைத் தமிழில் எழுதியவர்கள் குறைவு. கடைசியில் ஜமீன்தாரின் காளை தோற்கிறது, வெறிகொண்டு ஓடுகிறது, ஜமீன்தாரே அதைச் சுட்டுவிடுகிறார். காளை தோற்றதல்ல அங்கே பிரச்சினை, அவருடைய மானம் தோற்றது. விலங்குச்சுழியும் பாடைச்சுழியும் செய்த அதே வேலை. விலங்கின் உடம்பில் மனிதனின் கணக்கு எழுதப்படுகிறது, தண்டனை மட்டும் விலங்குக்குப் போகிறது.

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை நீங்கள் கடைசியாக எங்கே கேட்டீர்கள்? நிச்சயமாகக் கொட்டிலில் இருக்காது. பள்ளிக்கூட வராந்தாவில், கணக்கு வராத ஒரு பையனைக் குனியவைத்தபோது கேட்டிருப்பீர்கள். அல்லது வாய் திறந்து பதில் பேசிய ஒரு பெண்ணைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டபோது. மாட்டிடம் பழகிய கையைத்தான் நாம் மனிதர்கள் மேலும் வைத்தோம். அந்தப் பையன் எதைக் கண்டு மிரண்டான் என்று குனிந்து பார்த்தவர் எத்தனை பேர்? கரும்பலகையில் விழுந்த நிழலாக இருந்திருக்கலாம். பிரம்பாகவே இருந்திருக்கலாம்.